40 நொடிப் பாட்டும் 14 மாதமும்

40 நொடிப் பாட்டு ஒன்று என் முதல் குறும்படத்தை 14 மாதம் முடக்கிப்போட்டது. அதோடு நான் செய்த மற்ற முட்டாள்தனங்களையும் சேர்த்து ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 68,000 மெக்சிகோ பெசோவுக்கு மேல் தண்டம். படம் எடுக்க நான் திரட்டியிருந்த மொத்தப் பணமே 83,000தான். இதில் முக்கால்வாசி, யாராவது ஒருவர் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்காது. எனக்குச் சொல்ல ஆளில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் த்லாக்கேபாக்கே. மெக்சிகோவின் மேற்குப் பக்கம், ஹலிஸ்கோ மாநிலத்தில், குவாதலஹாரா நகரத்தை ஒட்டிக் கிடக்கும் மண்பாண்டக்காரர்களின் ஊர். ஆஸ்கார் வாங்கிய இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ குவாதலஹாராவில் பிறந்தவர் என்பதால் இங்கே கையில் கேமரா எடுக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு நப்பாசை உண்டு. நாட்டில் பேர்போன சினிமாப் பள்ளிகள் இரண்டு: 1963இல் தொடங்கிய பல்கலைக்கழகப் பள்ளி ஒன்று, 1975இல் தொடங்கிய திரைப்படப் பயிற்சி மையம் ஒன்று. இரண்டும் தலைநகரில். 2007இல் எலிசா மில்லர் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை விருது வாங்கினாரே, அவர் அந்த மையத்தின் மாணவி. அப்போது எனக்கு 9 வயது. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அன்றே முடிவு செய்துவிட்டேன். பிற்பாடு இரண்டு முறை விண்ணப்பித்தேன். ஒவ்வொரு முறையும் ஏழெட்டு மணி நேரம் பேருந்தில் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தேன். இரண்டு முறையும் கிடைக்கவில்லை. அதில் எனக்கு யார் மீதும் வருத்தமில்லை. இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான்.

வயிற்றுப்பாட்டுக்கு கின்சேஅன்யேரா வீடியோ எடுத்தேன். எங்கள் ஊரில் பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறையும்போது மண்டபம் பிடித்து, தேவாலயத்தில் பூசை வைத்து, கல்யாணம் போலவே செய்வார்கள். ஒரு வீடியோவுக்கு 6,000 பெசோ கிடைக்கும். சினிமாப் பள்ளியில் சொல்லித்தராத ஒன்றை அங்கே கற்றேன்: யாரையும் இரண்டாம் முறை நடந்து வரச் சொல்ல முடியாது, முதல் தடவையே பிடித்தாக வேண்டும். இப்படி மூன்று வருடத்தில் 38,000 சேர்ந்தது. அம்மா தன் தாண்டாவில் வந்த 20,000ஐக் கொடுத்தாள். தாண்டா என்றால் வேறொன்றுமில்லை, சீட்டுதான். தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து போடுவது. மீதி 25,000 ஓர் உள்ளூர் அலுவலகத்தின் கலை உதவித்தொகை.

கதை ரொம்பச் சின்னது. தெஹுயினோ விற்கும் ஒரு கிழவி, தன் தள்ளுவண்டியை விற்கும் நாள். தெஹுயினோ எங்கள் ஊர் பானம்: மக்காச்சோள மாவைக் கரும்பு வெல்லத்தோடு காய்ச்சிப் புளிக்க வைத்து, எலுமிச்சையும் உப்பும் எலுமிச்சை ஐஸும் போட்டுத் தருவது. கிழவியாக நடித்தவரும் நிஜமாகவே தெஹுயினோ விற்றவர், எங்கள் தெருக்காரர். எல்லோரும் அவரைத் தோன்யா என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். அவர் என்னை மிஹா என்பார், மகளே என்று அர்த்தம்.

2022 ஜூலையில் நான்கு நாள் படப்பிடிப்பு. ஜூலையில் வைத்தது முதல் பிசகு. குவாதலஹாரா பக்கம் ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மதியம் வரை வெயில் பல்லைக் காட்டும், நாலு மணிக்கு மேல் வானம் இடிந்து விழும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மழை. இருந்தும் அந்தி வெளிச்சம் அழகாக இருக்கும் என்று வெளிப்புறக் காட்சிகளையெல்லாம் மாலையில் வைத்தேன். இரண்டாம் நாள் முழுசாகப் போனது. வாடகை, சாப்பாடு, வண்டி என்று 9,500. வெளிப்புறத்தைக் காலை ஏழிலிருந்து ஒன்றுக்குள் முடித்துவிட்டு, மழை நேரத்துக்கு வீட்டுக்குள் நடக்கும் காட்சியை வைத்திருந்தால் ஒரு பைசா நஷ்டமில்லை. ஊரில் தெஹுயினோ விற்கிற எவரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். நான்தான் கேட்கவில்லை.

அப்புறம் வாடகை விவகாரம். கேமராவும் விளக்குகளும் நான்கு நாளுக்கு 18,000 என்று பேசினோம். பில் வரும்போது 20,880. விலை சொல்லும்போது 16 சதவீத வரி தனி என்று பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்; எனக்கு அது காதில் ஏறவில்லை. எங்கள் நாட்டில் யார் எந்த விலை சொன்னாலும் "வரியோடா, வரி தனியா?" என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

இதைவிடப் பெரிய அடி ஃபாக்தூரா. அதாவது வரித்துறைக் கணக்கில் பதிவாகும் மின்னணு ரசீது. உதவித்தொகை 25,000க்கும் ஃபாக்தூராவோடு கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில் இருந்தது. நான் நாலாம் பக்கத்தோடு படிப்பதை நிறுத்தியிருந்தேன். பதினோரு பேருக்கு நான்கு நாள் தெருமுனைக் கடையில் தோர்த்தா வாங்கிப் போட்டேன். காரக் குழம்பில் முக்கித் தரும் எங்கள் ஊர் பன். நல்ல கடை, நல்ல மனிதர், ஆனால் ரசீது கிடையாது. உடைகளும் சாமான்களும் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சந்தையில் வாங்கியவை. அங்கே ரசீது கேட்டால் சிரிப்பார்கள். கடைசியில் 14,000க்குத்தான் ஃபாக்தூரா தேறியது. மீதி 11,000ஐத் திருப்பிக் கட்டினேன், அதுவும் கடன் வாங்கி. அவர்கள் மேல் குற்றமில்லை, எழுதித்தான் இருந்தது. உதவித்தொகை வாங்கினால், எந்தச் செலவை அந்தப் பணத்தில் செய்வது என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். கேமரா வாடகை, ஒலி, வண்ணத் திருத்தம் என்று ரசீது தரும் இடங்களுக்கு அதைக் கொடுங்கள். பன்னுக்கும் பழைய சட்டைக்கும் சொந்தக் காசு. நீங்களும் வரித்துறையில் பதிந்து எண் வாங்கி வையுங்கள். பரிசே கிடைத்தாலும் அது இல்லாமல் கைக்கு வராது.

ஒளிப்பதிவாளர் என் நண்பன். பள்ளிக் காலத்திலிருந்து பழக்கம். "காசெல்லாம் எதுக்கு, படம் நல்லா வரட்டும்" என்றான். நானும் சரி என்றேன். படத்தொகுப்பு முடியும் நேரத்தில் எங்களுக்குள் சண்டை; எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள், பெயர்ப்பட்டியலில் யார் பெயர் எப்படி வர வேண்டும் என்பதற்கு. அசல் காட்சிகள் இருந்த வன்தட்டு அவனிடம். ஐந்து வாரம் தரவில்லை. அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நான்கு நாள் உழைத்தவனுக்கு நான் நன்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன். கடைசியில் 10,000 பெசோ கொடுத்து, காகிதம் எழுதி முடித்தோம். அந்தக் காகிதத்தை எழுதும்போதுதான் தெரிந்தது: எங்கள் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தே ஆக வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று குறிக்காவிட்டால் 5 வருடம் என்றுதான் கணக்கு. நட்புக்காக வேலை செய்கிறவரோடுதான் முதலில் எழுத வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எதுவும் பேசப்பட்டிருக்காது. படப்பிடிப்பு முதல் நாள் காலை, காபி கொடுக்கும்போதே கையெழுத்து. வன்தட்டு இரண்டு பிரதி, ஒன்று உங்கள் வீட்டில்.

2023 பிப்ரவரியில் 27 நிமிடப் படம் தயார். 27 நிமிடமா என்று கேட்காதீர்கள். பிற்பாடு 13 ஆக வெட்டினேன்; வெட்டிய 14 நிமிடத்தை இதுவரை யாரும் தேடவில்லை. அந்த 27ஐத்தான் விழாக்களுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் விண்ணப்ப இணையதளத்தைத் திறந்தால் கை நிற்காது. ஒன்றுக்கு 20 டாலர், 35 டாலர், "இன்று கடைசி நாள், பாதி விலை". நாலு மாதத்தில் 31 விழாக்கள், 740 டாலர். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 13,000 பெசோ. மூன்றில் "தேர்வானது". மூன்றுமே மாதாமாதம் விருது கொடுக்கிறவை. அரங்கம் கிடையாது, பார்வையாளர் கிடையாது, தேர்வானதற்கு அடையாளமாக இலைவளையம் போட்ட ஒரு சின்னம் மின்னஞ்சலில் வரும், கோப்பை வேண்டுமென்றால் 90 டாலர். நான் அந்த இலைவளையங்களைச் சுவரொட்டியில் ஒட்டி ஊரெல்லாம் காட்டினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒன்று இன்னும் மோசம்: என்னைக் கேட்காமலே ஒரு வாரம் படத்தை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இதுவரை எங்கும் காட்டாத படத்தையே கேட்கும் விழாக்களின் கதவு அதோடு சாத்தப்பட்டது.

விழாவுக்கு அனுப்பும் முன் இரண்டு கேள்வி போதும்: போன வருடம் இது எந்த அரங்கில், எந்தத் தேதியில் நடந்தது? அங்கே படம் காட்டிய ஒருவரிடம் பேச முடியுமா? பதில் கிடைக்காவிட்டால் காசை எடுத்து உள்ளே வையுங்கள். எங்கள் நாட்டிலேயே குறும்படத்தை மதிக்கும் விழாக்கள் இருக்கின்றன. மொரேலியா விழா 2003இல் தொடங்கும்போதே குறும்படப் போட்டியோடு வந்தது. அங்கே ஜெயிப்பது ஆஸ்கார் குறும்படப் பிரிவுக்குத் தகுதி பெற ஒரு வழி. அந்தப் பிரிவில் பெயர்ப்பட்டியலோடு சேர்த்து 40 நிமிடம்தான் வரம்பு; தகுதி கிடைக்கும் முன்னால் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டுவிட்டால் பெரும்பாலும் அந்த வாய்ப்பு போச்சு. குவாதலஹாரா விழா 1986லிருந்து என் வீட்டுக்கு அரைமணிப் பயணத்தில் நடக்கிறது. பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டு, பெயரே கேள்விப்படாத ஊர்களுக்குக் காசு அனுப்பியிருக்கிறேன்.

இனிப் பாட்டு.

படத்தில் தோன்யா எலுமிச்சை பிழிந்துகொண்டே ஒரு பழைய பொலேரோ பாடுவார். பொலேரோ என்றால் எங்கள் தாத்தா பாட்டிகள் காதலித்த காலத்துப் பாட்டு. எழுதி வைத்ததல்ல, கேமரா ஓடும்போது அவராகப் பாடினார். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் சொன்னார்கள். இசைத்தட்டைப் பயன்படுத்தவில்லை, ஒரு கிழவி தன் குரலில் பாடுகிறாள், பாட்டை எழுதியவரோ 1970களிலேயே இறந்துவிட்டார். இதில் யாரிடம் என்ன அனுமதி என்று இருந்துவிட்டேன்.

2023 ஜூனில், வாயில் நுழையும் பெயருள்ள ஒரு நல்ல விழாவிலிருந்து நிஜமான கடிதம் வந்தது. அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். கூடவே ஒரு படிவம்: படத்திலுள்ள இசைக்கெல்லாம் என்னிடம் உரிமை இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும், பாட்டுக்கு உரிமைக் கடிதம் இணைக்க வேண்டும். அன்றுதான் முதன்முறையாகத் தேடிப் பார்த்தேன். ஒரு பாட்டில் இரண்டு உரிமை உண்டு. ஒன்று பாடலுக்கு, அதாவது சொல்லுக்கும் மெட்டுக்கும். இன்னொன்று ஒலிப்பதிவுக்கு. இசைத்தட்டைத் தொடாததால் நான் இரண்டாவதிலிருந்துதான் தப்பியிருந்தேன். முதலாவது அப்படியே இருந்தது, தோன்யா பாடினாலும் நான் குளியலறையில் பாடிப் படமெடுத்தாலும். சரி, இறந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறதே என்றால், பல நாடுகளில் ஆசிரியர் இறந்து 70 வருடம், இந்தியாவில் 60, எங்கள் மெக்சிகோவில் 2003இல் திருத்திய சட்டப்படி 100. உலகத்திலேயே நீளமான கணக்குகளில் ஒன்று. அந்தப் பாட்டு பொதுச்சொத்தாகும்போது எனக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

பாட்டின் உரிமை வைத்திருந்த நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் வர ஏழு வாரம். விழாக்களில் மட்டும் காட்ட இரண்டு வருட உரிமை 600 டாலர். எல்லா இடத்துக்கும் என்றால் 3,500. விழாவின் கெடு அதற்குள் முடிந்துவிட்டது. நானே கடிதம் எழுதிப் படத்தைத் திரும்பப் பெற்றேன். அந்த மின்னஞ்சலை அனுப்பிவிட்டு மாடியில் போய்த் துணிக்கொடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து எதுவும் கேட்காமல் துணியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் சீட்டுப் பணம் நினைவுக்கு வந்து அன்று அழுதது போல் நான் அழுததில்லை. ஒரு வழக்கறிஞரிடம் 6,000 கொடுத்துக் கேட்டேன். "காசைக் கொடுங்கள், இல்லை பாட்டை எடுங்கள்" என்றார். இதற்கு 6,000. ஆனால் எது பாட்டு, எது பதிவு, எந்த நாட்டில் எத்தனை வருடம் என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை இன்னும் வைத்திருக்கிறேன், அந்தக் காசுக்கு அதுதான் மிச்சம்.

பாட்டை எடுப்பது சுலபமில்லை. முகத்துக்கு அண்மைக் காட்சி, உதடு அசைகிறது. மறுபடி எடுக்கலாம் என்றால் தோன்யா அதற்குள் லாஸ் ஏஞ்சலஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் மாநிலத்தில் வீட்டுக்கு ஒருவர் கலிபோர்னியாவில் இருப்பார்கள். பல மாதம் படத்தைத் திறக்கவே இல்லை. மறுபடி கின்சேஅன்யேரா, மறுபடி 6,000. ஒரு நாள் ராத்திரி பழைய காட்சிகளைப் புரட்டியபோது, அதே பாட்டின்போது முதுகுப் பக்கமிருந்து எடுத்த ஒரு துண்டு கிடைத்தது. தோள் அசைகிறது, கை பிழிகிறது, வாய் தெரியவில்லை. தோன்யாவைக் கூப்பிட்டேன். யார் இயற்றியது என்றே தெரியாத, பூட்டன் காலத்துத் தாலாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். "எத்தனை வேணும் மிஹா?" என்றார். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தத்தோடு வாட்ஸாப்பில் குரல் பதிவு வந்தது. இந்தத் தடவை புத்தி இருந்தது: தாலாட்டு பழையதுதானா, அவர் பாடுவது யாராவது புதிதாக மெட்டு மாற்றிப் பதிந்ததைக் கேட்டுக் கற்றதா என்று விசாரித்தேன். அவருடைய அம்மா பாடியதாம். குரலுக்கு 500 பெசோ தருவதாகக் காகிதம் எழுதி அனுப்பி, பேத்தியை விட்டுக் கையெழுத்துப் படத்தை அனுப்பச் சொன்னேன்.

ஒலியை மறுபடி கலக்க 12,000. திரையரங்குப் பிரதியும் வசன வரிகளும் புதிதாகச் செய்ய 4,500. இந்தச் செலவுக்கு ஒரே காரணம், பாட்டு தேறுமா என்று பார்க்காமல் முதல் பிரதியைச் செய்தது. படம் எடுக்கும் இடத்தில் யாராவது முணுமுணுத்தால்கூட, வானொலி ஓடினால்கூட, கடைத் தொலைக்காட்சியில் ஏதாவது பாடினால்கூட நிறுத்துங்கள். என்ன பாட்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதே காட்சியைப் பாட்டில்லாமல் இன்னொரு தடவை எடுங்கள். ஐந்து நிமிட வேலை. கதையையும் தேசியப் பதிப்புரிமை நிறுவனத்தில் பதிந்துவிடுங்கள்; நான் அதைக்கூடப் படம் முடிந்த பிறகுதான் செய்தேன்.

2024 ஆகஸ்டில் ஒரு சிறிய விழாவில் படம் ஓடியது. 13 நிமிடம், அறுபது நாற்காலி, நாற்பது பேர். ஏசி வேலை செய்யவில்லை. தாலாட்டு வரும்போது முன்வரிசையில் ஒரு பெரியவர் கூடவே முனக ஆரம்பித்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது. இப்போது இரண்டாவது படத்துக்கு எங்கள் அரசின் திரைப்பட நிறுவனமான இம்சினேயின் ஃபோசினே உதவித் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய நிதி அமைப்புகளை 2020இல் கலைத்த பிறகு வந்த திட்டம் அது, தலைநகருக்கு வெளியே இருக்கிறவர்களின் குறும்படங்களுக்கு அதில் தனி இடம் உண்டு. எல்லாப் பக்கத்தையும் படித்தேன், ஏழாம் பக்கத்தை இரண்டு தடவை.

தோன்யாவுக்குக் கடவுச்சொல் போட்ட இணைப்பை அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் குரல் பதிவு வந்தது: "பாட்டு நல்லா இருக்கு மிஹா. ஆனா எலுமிச்சைய யாரு அப்படிப் பிழிவா? நீ சொன்னேன்னு மெதுவாப் பிழிஞ்சேன், இப்பப் பார்க்கச் சகிக்கல." கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று: "அந்த ஐநூறு எப்ப வரும்?"

மறந்தே போயிருந்தேன். அன்று மாலையே அனுப்பினேன். ரசீது கோப்பில் இருக்கிறது.